அண்ணாவியாரும் முதலாளியும்

வணிகம் நடத்துவோர் கலையிலிருந்து பெறத்தக்கது யாது என்ற வினா எழும்போதெல்லாம், விளம்பரப் பாட்டு, பெயர்ப்பலகையின் வண்ணம், கடைத்திறப்புக்கு ஓர் இசைக்குழு என்ற அளவிலேயே விடை நின்றுவிடுகின்றது. கலையைப் பண்டத்தின் மேற்பூச்சாகக் கருதும் மனப்பான்மையே இதற்குக் காரணமாகும். மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் கூத்து இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தரவல்லது. பலர் கூடி ஒன்றை ஆக்கும் முறை பற்றியது அவ்விடை.

கூத்துப் பழக்கம் சட்டங்கொடுத்தலுடன் தொடங்குகின்றது. ஊர்ப் பெரியோர் கூடியிருக்க, அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் நோக்கி இன்னாருக்கு இன்ன பாத்திரம் என வரையறுத்து, அப்பாத்திரத்துக்குரிய பாடல்களைக் கையளிப்பார். தருமனுக்கேற்ற குரல் வீமனுக்குப் பொருந்தாது. அரசன் கொலுவுக்கு வருமுன் தோன்றி மறையும் கட்டியகாரனுக்கும் தனி வரவு உண்டு; அவனுக்கெனத் தாளக்கட்டும் உண்டு. சிறு பாத்திரமாயினும் அது இன்னாருடையது என்பதை ஊரே அறியும். பெருங்கடைகள் பலவற்றில் பத்தாண்டு வேலை செய்த ஒருவர், தமக்குரிய பணி எது, அதன் எல்லை எது என்பதை அறியாமலே இருப்பதுண்டு. “எல்லாரும் எல்லாம் பார்க்கவேண்டும்” என்று முதலாளி கூறிவிடுகிறார். பிழை நேரும்போது மட்டும் பொறுப்பாளி ஒருவர் தேடப்படுகிறார்.

சட்டங்கொடுத்ததன் பின் இரவு தோறும், மாதக்கணக்கில், பயிற்சி நிகழும். சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிகள் சிலவற்றைக் கடந்தே கூத்து அரங்கேற்றத்தை அடைகின்றது. இப்படிகளின் சிறப்பு, அவை மூடிய கதவுக்குள் நிகழாமையாகும். ஊரார் வந்து பார்ப்பர். முன்னொரு காலத்தில் அதே பாத்திரத்தை ஆடிய முதியவர் ஒருவர் ஓரத்திலிருந்து, அடி பிழைத்துவிட்டது என்று உரக்கக் கூறுவார். அரைகுறையான நிலையிலேயே தன் ஆக்கத்தைத் தக்கார் முன் வைக்கும் இத்துணிவு வணிகருக்கு அரிது. பண்டம் சந்தைக்கு வந்து, பணமும் முடங்கிய பின்னரே வாங்குவோரின் கருத்து அவர்கள் செவிக்கு எட்டுகின்றது.

அரங்கேற்ற நாளில் அண்ணாவியார் நிற்கும் இடமும் மனங்கொளத்தக்கது. வட்டக்களரியின் நடுவே மத்தளத்துடன் அவர் நிற்க, பிற்பாட்டுக்காரர் அருகிருக்க, ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவர். தாளம் அவர் கையிலுள்ளது. எனினும் ஆடுவோனின் காலை நோக்கியே அக்கை இயங்கவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கூத்தாடுவோர் கூலிக்கு ஆடுவதில்லை. பலர் தம் கைப்பணத்தையே செலவிடுவர். இதனைச் சுட்டி, ஈடுபாடு இருந்தால் ஊதியம் பெரிதன்று என்று தொழிலாளருக்குப் போதிக்கும் முதலாளி கூத்தைக் கற்றவரல்லர். கூத்தின் புகழ் ஆடியவனுக்கே உரியது. கடையின் இலாபம் அவ்வாறு பகிரப்படுவதில்லை. மேலும், கூத்து மரபு குறையற்றதுமன்று. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். பெண்களின் ஆற்றல் களரிக்கு வெளியே வீணாயிற்று. சாதி வரம்புகளும் இருந்தன. திறமையைப் பிறப்பு நோக்கி விலக்கும் நிறுவனம் எதை இழக்கும் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

மாற்றம் வேண்டப்படும்போது எதைக் குறைப்பது என்ற சிக்கலுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சி தக்க எடுத்துக்காட்டு. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட வடமோடிக் கூத்து நகரத்து மேடைக்கெனச் சுருக்கப்பட்டது. மீள மீள வருவன குறைக்கப்பட்டன. ஆடலும் தாளக்கட்டும் பாடலும் காக்கப்பட்டன. வட்டக்களரியின் நெருக்கம் படச்சட்ட மேடையிற் குன்றியது என்ற குறை முற்றும் பொய்யன்று. ஆயினும், பயிற்சியளிக்க வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரே அழைக்கப்பட்டார். மட்டக்களப்பு மண்ணில் கூத்தோடு வளர்ந்த சி. மௌனகுரு போன்ற மாணவரும் உடனிருந்தனர். கலையின் உயிர்நிலை எங்குள்ளது என்பதை அறிந்தோர் அருகிருக்கவே சுருக்கம் நிகழ்ந்தது.

இதே சிக்கல் வாவியின் தென்கோடியை அடுத்த மருதமுனையின் கைத்தறிக்கு வேறு வடிவில் வந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்ததும் இறக்குமதித் துணி மலிந்து, உள்ளூர் நெசவு பெரிதும் நலிவுற்றது. அத்தகைய நெருக்கடியில் தறியுடைமையாளருக்கு முதலில் தோன்றுவது விலையைக் குறைக்கும் எண்ணமே. அதற்கு நூலிலும் சாயத்திலும் கைவைக்கவேண்டும். எதைக் குறைக்கலாம் என்பது பெரும்பாலும் கணக்கேட்டைப் பார்த்தே முடிவாகின்றது. எந்த இழையைக் குறைத்தால் சாரம் இரண்டாம் சலவையிலேயே தளர்ந்துவிடும் என்பதை அறிந்தவரோ, அடுத்த அறையில் தறியின் முன் அமர்ந்திருக்கிறார்.