சப்தர்ஜங் விமானத் திடல்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், தில்லிவாழ் தமிழன்பர்கள் அவர்களைச் செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். சற்று ஓய்வுள்ளவர்கள் 1754இல் எழுந்த சப்தர்ஜங் கல்லறை மாளிகையையும் காட்டுவார்கள். அதற்கு அண்மையில், ஸ்ரீ அரவிந்தர் சாலைக்குக் கிழக்கே, நீண்ட மதிலுக்குள் பரந்து கிடக்கும் வெளியை மட்டும் எவரும் காட்டுவதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் விமானம் ஓட்டக் கற்ற இடம் அது.

1928இல் தில்லி பிளையிங் கிளப் இங்கே தொடங்கிற்று. அப்போது அதனிடம் இருந்தவை இரண்டே 'மாத்' விமானங்கள். ஒன்றின் பெயர் 'தில்லி'. மற்றொன்றின் பெயர் 'ரோஷனாரா'. வில்லிங்டன் திடல் என்று ஆங்கிலேயர் காலத்தில் வழங்கிய இவ்விடம், பின்னர் சப்தர்ஜங் என்று பெயர் மாறிற்று. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், பாதுகாப்பைக் கருதி 2002 ஜனவரியில் இங்குப் பறக்கும் பயிற்சி நிறுத்தப்பட்டது. சரோஜினி நகர், லோதி காலனி குடியிருப்புகளில் வளர்ந்த நம்மவர் பலர், மொட்டை மாடியில் வடாம் உலர்த்துகையில் தலைக்குமேல் சிறு விமானங்கள் வட்டமிட்டதை இன்றும் நினைவுகூர்வர்.

இத்திடலைப் பற்றி நாம் விசாரிக்கத் தலைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பதினேழு வயது நிரம்பிய நம் தமக்கை மகள், விமானம் ஓட்டக் கற்கவேண்டும் என்று கூறினாள். "தம்பி, நீ ரயில்வேயில் இருப்பவன். அனுப்பலாமா கூடாதா என்று நீயே விசாரித்துச் சொல்" என்றார் தமக்கையார். கணவரை இழந்து, ஒரே மகளை வளர்த்துவரும் தாயின் கேள்வி அது. விளையாட்டாக விடை கூறுதல் தகாது. ஆகவே, முன்பு விமானம் ஓட்டக் கற்பித்து இப்போது ஓய்வு பெற்றிருக்கும் பெரியவர் ஒருவரை அணுகினோம்.

அவர் கூறியவற்றுள் நம்மைத் திடுக்கிட வைத்தது ஒன்று. ரயில்வேயில் பாதுகாப்பின் அடிப்படை, நிறுத்துதல். கைகாட்டி தெளிவாகத் தெரியவில்லையா? நிறுத்து. தண்டவாளத்தில் ஐயமா? நிறுத்து. ஆகாயத்திலோ நிற்க இடமில்லை. இறக்கையின்மேல் காற்று சீராக ஓடும்வரையே அது விமானத்தைத் தாங்கும். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை கடக்கிறது. காற்றோட்டம் குலைந்து தாங்கும் ஆற்றல் சட்டெனக் குறைகிறது. இதனை 'ஸ்டால்' என்பர். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலையை நிறுத்தியது இறக்கையே.

அவ்வேளையில் மனிதனின் கை இயல்பாகச் செய்வது யாது? விழுகிறோமே என்று அஞ்சி, கோலைத் தன்பால் இழுத்து மூக்கை மேலும் உயர்த்துவது. அது கேட்டையே விளைவிக்கும். கோலை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழும்போது தலைகுனிந்தால்தான் பிழைக்கலாம்! ஆதலின் மாணவரை நல்ல உயரத்திற்கு அழைத்துச் சென்று, வேண்டுமென்றே ஸ்டால் உண்டாக்கி, கை பழகும்வரை திரும்பத் திரும்ப மீளச் செய்கிறார்கள். "அஞ்சுபவர் பறக்கலாம், அச்சம் சொன்னபடி கையை அசைப்பவர் பறக்கலாகாது" என்றார் பெரியவர்.

இதற்கெல்லாம் உயரம் வேண்டும். நமக்குச் சேமநிதி எப்படியோ, விமானிக்கு உயரம் அப்படி. 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தி, கேப்டன் சுபாஷ் சக்சேனாவுடன் பிட்ஸ் என்னும் சிறு விமானத்தில் இத்திடலிலிருந்து கிளம்பினார். தாழப் பறந்து கரண வித்தை புரிகையில் விமானம் வீழ்ந்து இருவரும் மாண்டனர். தரைக்கருகில் நேரும் பிழையைத் திருத்த இடமிராது என்பதனை நாடே அன்று கண்டது.

"எஞ்சினே நின்றுவிட்டால்?" என்று தமக்கையார் கேட்டார். விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. மூக்கைத் தாழ்த்தி, சரிவில் இறங்குவதுபோல் மிதந்து வரும். எஞ்சினே இல்லாத மிதவை விமானங்களைச் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப நிலையம் இதே சப்தர்ஜங்கில் வடிவமைத்தது. அவற்றின் பெயர்களைக் கேட்டால் பஞ்சாங்கம் படிப்பது போலிருக்கும்! 1958இல் அஸ்வினி, 1961இல் பரணியும் ரோகிணியும், 1963இல் கார்த்திக், 1970இல் மிருகசீர்ஷம். கார்த்திக்கை வடிவமைத்தவர் எஸ். ராமாமிருதம். எஞ்சின் பூட்டிய சிறு விமானத்திற்கு ரேவதி என்று பெயரிட்டனர். அது 1967இல் பறந்தது.

"பெண்பிள்ளையாயிற்றே" என்னும் சொல் நம் இல்லங்களில் எழாமலிராது. தில்லியில் பிறந்த சரளா தக்ரால் 1936இல், இருபத்தோராம் வயதில், லாகூரில் ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். அன்று அவர் அணிந்திருந்தது சேலை. வீட்டில் நான்கு வயதுப் பெண்குழந்தை இருந்தது. இதற்குமேல் நாம் கூற ஏதுமில்லை.

இன்று தில்லியில் கற்க விரும்புவோர் வெளியூர்ப் பள்ளிகளை நாடவேண்டும். உத்தரப் பிரதேசத்தில், ரேபரேலிக்கருகிலுள்ள புர்சத்கஞ்சில் அரசின் உரான் அகாடமி உளது. ஆயினும் நாடெங்கும் கற்பவர்க்கு உரிமம் வழங்கும் தலைமை அலுவலகம் சப்தர்ஜங் திடலுக்கு எதிரிலேயே இருக்கிறது. சம்பளத்திற்குப் பறக்க விரும்புவோர் இருநூறு மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். செலவு பல இலட்சம். ஆதலின் பெற்றோருக்கு இரண்டு சொல்வோம். பள்ளிக்குப் பணம் கட்டுமுன் பிள்ளையின் கண், காது, இதயம் ஆகியவற்றை உரிய மருத்துவரிடம் சோதித்துக்கொள்க. பள்ளியில் பறக்கும் நிலையிலுள்ள விமானங்கள் எத்தனை, பயிற்சியாளர் எத்தனை பேர் என்பதை நேரிற் சென்று எண்ணிப் பார்க்க.

தமக்கையார்க்கு நாம் கூறிய விடை இதுவே: "அபாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். அபாயத்தை முறையாகக் கற்பிக்கும் கல்வி இது என்று சொல்லுவோம்." அவர் இன்னும் முழு மனத்துடன் இசையவில்லை. ஆயினும் சென்ற வாரம் மருத்துவச் சோதனைக்கு மகளை அழைத்துச் சென்று, முடியும்வரை வாசலிலே காத்திருந்தவர் அவரே.