வரலாற்றாசிரியனின் வாசலில்

மகளின் மகன் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தான். "அம்மப்பா, சண்டைக்காகவே பாக்கலாம்" என்று சொல்லி என்னைத் தொலைக்காட்சியின் முன் இருத்தி, ஓர் இறுவட்டைச் சுழலவிட்டான். 'அண்டர்வேர்ல்ட்: எவலூஷன்' என்பது படத்தின் பெயர். 2006ஆம் ஆண்டு வெளியானது. 2003இல் தொடங்கி 2016 வரை ஐந்து படங்களாக நீண்ட ஒரு தொடரில் இது இரண்டாவது. லென் வைஸ்மன் இயக்கியிருக்கிறார்.

இரத்தம் குடித்து வாழும் வம்பயர்களுக்கும், ஓநாயாக உருமாறும் லைக்கன்களுக்கும் இடையே நூற்றாண்டுகளாகத் தொடரும் போரே கதை. முதற்படம் முடிந்த இரவிலிருந்தே இது தொடங்குகிறது. செலீன் என்ற வம்பயர் வீராங்கனையாகக் கேற் பெக்கின்சேல் நடித்திருக்கிறார். தன் குடும்பத்தைக் கொன்றவன், தன்னை மகள்போல் வளர்த்த தலைவன் விக்டரே என்று முதற்படத்தில் அறிந்து, அவனைக் கொன்றுவிட்டவள் அவள். இப்போது சொந்த இனமே அவளுக்குப் பகை. முதல் வம்பயரான மார்க்கஸ், 1202ஆம் ஆண்டிலிருந்து சிறையிருக்கும் தன் இரட்டைச் சகோதரனான வில்லியத்தை, அதாவது முதல் ஓநாய் மனிதனை, விடுவிக்கப் புறப்படுகிறான். லொறித் துரத்தல், துப்பாக்கி வேட்டு, இறுதியில் ஹெலிகொப்டர் என்று படம் மூச்சு விடாமல் ஓடுகிறது. நீல நிற இருட்டில் யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று எனக்குப் பல இடங்களில் விளங்கவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே தானிஸ் என்றொருவன் வருகிறான். வம்பயர்களின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியனாக இருந்தவன். விக்டருக்குப் பிடிக்காதவற்றை எழுதியதற்காக, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாழடைந்த ஒரு மடாலயத்தில் அடைபட்டுக் கிடப்பவன். விக்டரின் ஆணைப்படி அவனை அங்கே கொண்டுபோய் அடைத்தவள் வேறு யாருமல்ல, செலீன்தான். இன்று கேள்விகளோடு அதே வாசலுக்கு அவள் வந்து நிற்கிறாள். வேறு எவரிடமும் விடை இல்லை.

தானிஸ் சொல்கிறான். விக்டர் முதல் வம்பயர் அல்லன். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மனிதத் தலைவன். அவனுடைய படைபலம் வேண்டியிருந்ததால் மார்க்கஸ் அவனுக்கு மரணமில்லா வாழ்வைக் கொடுத்தான். செலீனின் தந்தை அந்தச் சிறையைக் கட்டியவர். இரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக விக்டர் அந்தக் குடும்பத்தையே அழித்தான். சிறுமி செலீனின் நினைவில் மட்டும் அந்த இடம் தங்கிவிட்டது.

இந்தத் தானிஸ் தியாகி அல்லன். இன்பங்களில் திளைப்பவன், எதிரியான லைக்கன் தலைவனுக்கே ஆயுதம் விற்றுத் தன் சிறைவாழ்வை வசதியாக்கிக்கொண்டவன். ஆனாலும் அவன் எழுதியது உண்மை. உண்மையை எழுதுகிறவர்கள் உத்தமர்களாகவும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது, அவர்களை வாய்மூடச் செய்ய விரும்புவோருக்கே வசதி.

மார்க்கஸ் எவரிடமும் கேள்வி கேட்பதில்லை. இரத்தத்தைக் குடித்தால் உடையவரின் நினைவுகள் அவனுக்கு வந்துவிடும். தானிஸின் நினைவையும் அப்படியே எடுத்துக்கொண்டு அவனைக் கொன்றுபோடுகிறான். இரு சகோதரர்களின் தந்தையான அலெக்சாந்தர் கோர்வினஸ் (டெரெக் ஜேக்கபி) செய்வதோ வேறு வேலை. ஒவ்வொரு மோதலின் பின்னும் ஆட்களை அனுப்பித் தடயங்களைத் துடைத்தெடுக்கிறார். ஒருவன் எழுதியவனை அடைக்கிறான், ஒருவன் நினைவைப் பறிக்கிறான், ஒருவர் தடயத்தை அழிக்கிறார். ஒரு சண்டைப் படத்துக்குள் இத்தனையும் இருக்கின்றன. ஆயினும் தானிஸுக்குச் சில நிமிடங்களே. மறுபடியும் துப்பாக்கிகள் வந்துவிடுகின்றன.

ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் நானும் ஒருமுறை செலீனாக இருந்திருக்கிறேன். கிராமம் ஒன்றுக்குப் போய்வந்த இளம் நிருபர் எழுதிய நீண்ட செய்தியை, மேலிடத்துச் சொற்படி நான்கு வரியாகக் குறைத்தேன். அவர் கோபிக்கவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கிராமத்தைப் பற்றி எழுத நேர்ந்தபோது, எந்தக் கோப்பிலும் விவரம் இல்லை. இருந்தவை என் நான்கு வரிகள் மட்டுமே.

விலாசம் தேடி அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பழைய குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து கையில் தந்தார். பெயர்கள், வயது, வீட்டு இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. "வாசிச்சுப்போட்டுத் திருப்பித் தாங்கோ அண்ணை" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தேத்தண்ணி குடியுங்கோ" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

படம் முடிந்ததும், "எது பிடிச்சது அம்மப்பா?" என்று பேரன் கேட்டான். தானிஸ் வரும் காட்சி என்றேன். "அதிலை சண்டையே இல்லையே" என்று சிரித்தான். அந்தக் குறிப்புப் புத்தகத்தின் கதையை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொல்லவேண்டும்.