ஃபெதர்ஸ்டன்: சுரங்கம் மூடிய பிறகும் ஆடிய ஊர்

1959 மார்ச்சில் செயின்ட் ஹெலன்ஸ் அணியுடன் நடந்த ஒரு ரக்பி லீக் கோப்பை ஆட்டத்தைப் பார்க்க ஃபெதர்ஸ்டனின் மைதானத்துக்கு வந்தவர்கள் 17,531 பேர். ஊரின் மக்கள்தொகையோ பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான். கைக்குழந்தைகளையும் நடமாட முடியாத கிழவர்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் அந்த எண்ணிக்கை வராது. அக்கம்பக்கத்து ஊர்களும் வெளியூர் ரசிகர்களும் வந்துதான் கணக்கு நிறைந்தது. அந்த மைதானத்தில் அதுவே சாதனை எண்ணிக்கையாக நிற்கிறது.

வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில், வேக்ஃபீல்டுக்கும் பான்டிஃபிராக்டுக்கும் நடுவே இருக்கிறது ஃபெதர்ஸ்டன். பான்டிஃபிராக்ட் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. வேக்ஃபீல்டில் பேராலயமும் மாவட்ட நிர்வாகமும் இருக்கின்றன. வடக்கே காசில்ஃபோர்டில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஃபெதர்ஸ்டனுக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் லேன் என்ற ஒரே கடைத்தெரு, அதன் குறுக்கே ஒரு ரயில்வே கேட், இரண்டு பக்கமும் செங்கல் வீட்டு வரிசைகள். அந்த ரயில் நிலையத்தைக்கூட 1967இல் மூடிவிட்டார்கள். ஊர் மக்கள் கால் நூற்றாண்டு காத்திருந்து 1992இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

வயலும் குக்கிராமமுமாக இருந்த இடத்தை ஊராக்கியது நிலக்கரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆக்டன் ஹால் சுரங்கம் தோண்டப்பட்டது. 1890இல் அதை வாங்கியவர் மாஷம் பிரபு. பிராட்ஃபோர்டில் மானிங்ஹாம் மில் என்ற மாபெரும் பட்டாலையை நடத்தியவர் அவர்தான். 1893 கோடையில் நிலக்கரி விலை விழுந்ததைக் காட்டி, கூலியில் நாலில் ஒரு பங்கைக் குறைப்போம் என்றார்கள் முதலாளிகள். தொழிலாளிகள் சம்மதிக்காததால் சுரங்கங்களைப் பூட்டினார்கள். ஃபெதர்ஸ்டனில் பூட்டிய சுரங்கத்திலிருந்தே கரியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்த ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. கரி போவது முதலாளியின் மில்லுக்கு என்றே நினைத்தார்கள். வண்டிகளைக் கவிழ்த்தார்கள்.

உள்ளூர்ப் போலீசில் பெரும்பகுதி அந்த வாரம் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்குக் காவலாகப் போயிருந்தது. அதனால் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி இரவு மாஜிஸ்திரேட் கூட்டத்தைக் கலையச் சொல்லும் கலகச் சட்டத்தை வாசித்தார். கூட்டம் கலையவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. ஜேம்ஸ் கிப்ஸ், ஜேம்ஸ் டக்கன் என்ற இருபது வயதுகளில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். விசாரணைக் குழு படைவீரர்கள்மேல் குற்றமில்லை என்றது. குடும்பத்துக்கு நூறு பவுண்டு கொடுத்தார்கள். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ஆஸ்க்வித் பிறகு பிரதமரானார். ஆனாலும் அவர் பேசும் கூட்டங்களில் ‘ஃபெதர்ஸ்டன்’ என்று யாராவது குரல் எழுப்புவது பல வருடம் நிற்கவில்லை.

சுட்ட நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள் லண்டனில் ரக்பி நிர்வாகிகளின் கூட்டம் ஒன்று நடந்தது. ரக்பி ஆடுவதற்காகச் சனிக்கிழமை வேலையை விடும் தொழிலாளிக்கு அந்த இழந்த கூலியைக் கழகம் ஈடுகட்டலாமா என்பதுதான் விவாதம். வடக்கத்தி ஆட்டக்காரர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். தெற்கத்தி நிர்வாகிகளோ கூலியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத வர்க்கம். கூடாது என்று தீர்ப்பானது. இரண்டு வருடம் பொறுத்த வடக்குக் கழகங்கள் 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடித் தனியாகப் பிரிந்தன. ரக்பி யூனியனிலிருந்து ரக்பி லீக் பிறந்த கதை இதுதான். ஆட்ட விதியில் தொடங்கிய சண்டையல்ல அது, கூலியில் தொடங்கிய சண்டை. விதிகள் பிறகுதான் மாறின: பதினைந்து பேர் பதின்மூன்றாகக் குறைந்தார்கள், மடக்கப்பட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ள, ஆட்டம் தொடர்கிறது, ஆறாவது முறையும் மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மல்லுக்கட்டு சட்டென்று புரியும்.

ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ் கழகம் 1902இல் ஊரிலுள்ள ரெயில்வே ஹோட்டலில் கூடியவர்களால் தொடங்கப்பட்டது. 1921இல் பெரிய லீகில் இடம் கிடைத்தது. நீலமும் வெள்ளையுமான சட்டை. ‘கரிக்காரர்கள்’ என்றும் ‘தட்டைத் தொப்பிக்காரர்கள்’ என்றும் இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு. தட்டைத் தொப்பி வடக்கத்தித் தொழிலாளியின் தலையில் எப்போதும் இருந்தது. முன்வரிசைக்கு ஆள் வேண்டுமென்றால் சுரங்க வாயில் குனிந்து ஒரு குரல் கொடுத்தால் போதும் என்று யார்க்‌ஷரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்த ஊரில் அது பெரும்பாலும் நிஜமாகவே இருந்தது.

மைதானத்துக்குப் போஸ்ட் ஆபீஸ் ரோடு என்றுதான் பெயர், தெருவின் பெயர் அதுதான் என்பதால். வீடுகளுக்கு நடுவே செருகினாற்போல் இருக்கும். அங்கே பார்வையாளர்கள் உட்காரும் இருக்கைகளில் ஒரு பகுதி கடற்கரை ஊரான ஸ்கார்பரோவிலிருந்து வந்தது. 2007இல் அங்கிருந்த கால்பந்துக் கழகம் கடனில் கலைந்துபோய், பிறகு அதன் மைதானத்தை இடித்தபோது, ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார்கள். இன்னொரு ஊர் இழந்ததை வீணாக்காமல் எடுத்து வந்து உட்கார்ந்துகொண்டது ஃபெதர்ஸ்டன்.

இந்தச் சின்ன ஊர் ரக்பி லீகின் பெரிய கோப்பையான சேலஞ்ச் கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறது. 1967இல் பாரோவை 17–12, 1973இல் பிராட்ஃபோர்ட் நார்த்தர்னை 33–14, 1983இல் ஹல் அணியை 14–12. இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் விருது மூன்று முறையும் ஃபெதர்ஸ்டன்காரருக்கே போனது: கார்ல் டூலர், ஸ்டீவ் நாஷ், டேவிட் ஹாப்ஸ். 1973இல் சிரில் கெல்லட் எட்டு முறை கோலுக்கு உதைத்தார், எட்டும் கம்பங்களுக்கு நடுவே போயின. நடுவில் 1976–77 பருவத்தில் லீக் பட்டமும் கிடைத்தது. மாதக்கணக்கில் வாராவாரம் ஆடிப் பெறும் பட்டம் அது. ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று அதை யாரும் ஒதுக்க முடியாது.

ஊரார் அதிகம் பேசுவது 1983ஐப் பற்றித்தான். அந்தப் பருவத்தில் ஹல் லீக் சாம்பியன், முந்தைய ஆண்டின் கோப்பையும் அவர்களிடம். ஃபெதர்ஸ்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியதே பெரிய காரியம். இறுதிப்போட்டி நடந்த லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு கட்டத்தில் 12–5 என்று பின்தங்கினார்கள். ஹாப்ஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துத் தன் இரண்டாவது டிரையைப் பெற்றார். ஸ்டீவ் க்வின் உதைத்து உதைத்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒரு பெனால்டி கிடைத்தது. தூரத்திலிருந்து க்வின் உதைத்தது உள்ளே போனது.

அடுத்த வசந்தத்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை சம்பளமில்லாத ஒரு வருடம். தோற்றுத் திரும்பியவர்களுக்கு வேலையும் நிலைக்கவில்லை. அதே 1985இல் ஆக்டன் ஹால் மூடப்பட்டது. ஊருக்குப் பிழைப்பைக் கொடுத்ததும் கழகத்துக்கு ஆளைக் கொடுத்ததும் அந்த ஒரே இடம். அது போன பிறகு, சனி ஞாயிறுகளில் ஊரின் பெயரை வெளியூர்க்காரர்கள் வாயில் வரவைத்தது ரோவர்ஸ் மட்டும்தான்.

அந்தப் பெயருக்கும் 1995இல் ஆபத்து வந்தது. ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் ஐந்து வருடத்துக்கு 8.7 கோடி பவுண்டு தர முன்வந்தது. குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறும், சூப்பர் லீக் என்ற புதுப் பிரிவு வரும், சின்னக் கழகங்கள் ஒன்றாக இணைய வேண்டும் என்று திட்டம். காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட், ஃபெதர்ஸ்டன் மூன்றையும் கலந்து ஆற்றின் பெயரால் ‘கால்டர்’ என்று ஓர் அணி அமைப்பதாகச் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று ஊர்கள்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் மடக்கித் தள்ளியே வாழ்ந்தவர்களை ஒரே சட்டைக்குள் போடச் சொன்னால் எப்படி நடக்கும்? ரசிகர்கள் கொதித்தார்கள், இணைப்பு கைவிடப்பட்டது. பிறகு பட்டியலின் முதல் பத்து இடங்களுக்கு அனுமதி என்று முடிவானது. ஃபெதர்ஸ்டன் பதினோராவது. இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த லண்டன் அணியைத் தலைநகரத்துக் கவர்ச்சிக்காக உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகான வருடங்கள், கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த வருடங்கள். 1998இல் மேலே போகும் இறுதிப்போட்டியில் வேக்ஃபீல்டிடம் 24–22 தோல்வி. 2010இல் பட்டியலில் முதலிடம், இறுதியில் ஹாலிஃபாக்ஸிடம் கூடுதல் நேரத்தில் 23–22. 2011இல் ஷெஃபீல்டை 40–4 என்று நொறுக்கிப் பட்டம் வென்றார்கள். ஆனால் அந்தக் காலத்தில் உரிமம் பெற்ற கழகங்களுக்குத்தான் சூப்பர் லீக், ஜெயித்தவருக்கு அல்ல. 2019இல் டொரான்டோவிடமும் 2021இல் துலூஸிடமும் கடைசிப் படியில் சறுக்கல். 2021 கோடையில் வெம்ப்ளியில் யார்க் அணியை 41–34 என்று வென்று ஒரு கோப்பையைக் கொண்டுவந்தது ஓர் ஆறுதல். அந்தக் கோப்பைக்குப் பெயரே ‘1895 கோப்பை’.

2023 பருவம்தான் இவை எல்லாவற்றையும் ஒரே வருடத்துக்குள் அடக்கிக் காட்டியது. பணம் செலவழித்துக் கட்டிய அணி. பயிற்சியாளர் ஷான் லாங், செயின்ட் ஹெலன்ஸின் பழைய நட்சத்திரம். பெரும்பாலான வாரங்களில் வெற்றி. துலூஸும் பிராட்ஃபோர்டும் எட்டமுடியாத தூரத்தில் பின்னால் நின்றன. அப்படியும் பருவம் முடிவதற்குள் லாங் வெளியேற்றப்பட்டார். பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணி பயிற்சியாளரை மாற்றினால், உள்ளுக்குள் எவ்வளவு பதற்றம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இத்தனை முறை கடைசியில் தோற்ற கழகத்துக்கு முதலிடமே பயமாகிவிட்டிருந்தது.

அப்போது இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடிப்பது மட்டும் மேலே போகப் போதுமானதாக இல்லை. முதல் ஆறு அணிகளுக்குள் நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் வெல்ல வேண்டியிருந்தது. அரையிறுதி போஸ்ட் ஆபீஸ் ரோட்டிலேயே. எதிரே ஐந்தாவதாக முடித்த லண்டன். முடிவு: லண்டன் 36, ஃபெதர்ஸ்டன் 26. லண்டன் அடுத்துத் துலூஸுக்குப் போய் அங்கேயும் 18–14 என்று ஜெயித்துச் சூப்பர் லீகுக்குப் போனது. 1995இல் மேசையில் நடந்தது 2023இல் மைதானத்திலேயே நடந்தது. இந்த முறை யாரையும் குறை சொல்ல இடமில்லை.

வேதனை அதோடு முடியவில்லை. ஆட்டத்தில் ஜெயித்தாலே மேலே போகலாம் என்ற விதிக்கு அதுவே கடைசிப் பருவம். அதன் பிறகு இருபது புள்ளிக்கான தர மதிப்பீடு வந்தது. ரசிகர் பலம், ஆட்ட வரலாறு, வரவு செலவு, மைதான வசதி, சுற்றுவட்ட மக்கள்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முதல் பட்டியலில் லண்டனுக்கே 24ஆவது இடம்தான் கிடைத்தது. மேலே ஏறிய கையோடே, மைதானத்தில் என்ன ஆடினாலும் கீழே இறங்கத்தான் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்தாயிரம் பேர் வாழும் ஊர், இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கழகங்கள் நெருக்கும் ஊர், இந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இந்த மதிப்பீட்டில் ஒரு கூறு விட்டுப்போயிருக்கிறது: ஊர் வளர்த்து அனுப்பிய ஆட்டக்காரர்கள். ஸ்டீவ் நாஷ் இங்கே பிறந்தவர். 1975இல் சால்ஃபோர்ட் அவரை 15,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் அது சாதனைத் தொகை. 1973 கோப்பையைத் தலைவனாக ஏந்திய ஜான் நியூலவின் மகன் பால், ரோவர்ஸில் ஆடி வளர்ந்து 1993இல் பிராட்ஃபோர்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பவுண்டுக்குப் போனார். ஸேக் ஹார்டேக்கர் இங்கிருந்து லீட்ஸுக்குப் போய், 2015இல் சூப்பர் லீகின் தலைசிறந்த வீரருக்கான விருதை வாங்கினார். ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரத்தில் லீட்ஸுக்காக எட்டுச் சாம்பியன் பட்டங்கள் வென்ற ராப் பரோ, சிறுவனாகப் பந்தைப் பிடித்தது ஊரின் அமெச்சூர் கழகமான ஃபெதர்ஸ்டன் லயன்ஸில். அவர்களெல்லாம் ஜெயித்துக் கொடுத்தது வேறு ஊர்களுக்கு.

நிலக்கரியும் அப்படித்தான் போனது. தோண்டியவன் இங்கே, எரித்த மில் பிராட்ஃபோர்டில். ஃபெதர்ஸ்டன் ஒருமுறைகூடச் சூப்பர் லீகில் ஆடியதில்லை என்பது உண்மை. சூப்பர் லீக் ஃபெதர்ஸ்டன்காரர்கள் இல்லாமல் நடந்ததில்லை என்பதும் அதே அளவு உண்மை. 1893இல் இந்த ஊர் கேட்டது செய்த வேலைக்கு உரிய கூலியை. 1895இல் வடக்கு கேட்டதும் அதையே. இருபது புள்ளித் தேர்வை அடுத்த முறை திருத்துபவர்கள், எந்த ஊர் எத்தனை ஆட்டக்காரர்களை உருவாக்கி அனுப்பியது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். அந்தப் பாக்கி வெகு நாளாக நிலுவையில் இருக்கிறது.