ஊர் சுற்றப் போனோம்

எங்கள் தெருவில் ஒரு பெண் ஊருக்குப் போவதற்கு மூன்று காரணங்கள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்: கல்யாணம், சாவு, சாமி. பிள்ளைப்பேற்றையும் சேர்த்தால் நான்கு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்ட என் அம்மா எழுபது வயதுக்குள் திருப்பதி, திருத்தணி, மேல்மருவத்தூர், ராமேஸ்வரம் போயிருக்கிறாள். சும்மா பார்ப்பதற்காக எங்கும் போனதில்லை. எங்கள் பேச்சில் 'ஊர் சுத்தறவ' என்பது வசை. ஆண் ஊர் சுற்றினால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து டீக்கடையில் கதை சொல்வான். பெண் சுற்றினால் மற்றவர்கள் அவளைப் பற்றிக் கதை சொல்வார்கள்.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து ஒரு ஜனவரியில் நானும் அம்மாவும் போர்ட் பிளேயருக்கு விமானம் ஏறினோம். ஏழு நாட்கள். பக்கத்து வீட்டு அக்கா, "அங்க என்ன கோயிலுங்க?" என்று கேட்டார். அம்மா திணறினாள். முருகன் கோயில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அது உண்மைதான், வெற்றிமலை முருகன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பதில் சொன்ன பிறகு எனக்கே எரிச்சலாக இருந்தது. முனைவர் பட்டம் வாங்கி, பெண் எழுத்து பற்றி வகுப்பெடுத்து, கடைசியில் என் அம்மா வெளியே போவதற்கு முருகனைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாட்கள். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் போர்ட் பிளேயர் என்றே சொன்னார். அவருடைய பூர்வீகம் ராமநாதபுரம். அபர்தீன் பஜாரில் இறங்கியதுமே தமிழ் காதில் விழுந்தது. இட்லிக் கடை, பூக்கடை, துணிக்கடை எங்கும் தமிழ். "இது வெளியூர் மாதிரியே இல்லையே" என்றாள் அம்மா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஆனால் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. அதே இந்திய நேரம், ஆனால் காஞ்சிபுரத்துக்கு வெகு கிழக்கே இருக்கிற ஊர். அம்மா விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கேற்ற வேண்டாம், அரிசி களைய வேண்டாம், யாருக்கும் சாப்பாடு போட வேண்டாம். "இப்ப என்னம்மா பண்றது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் செல்லுலார் சிறை. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு கட்டடங்கள். இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால் கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. ஓர் அறைக்குள் போய் நின்ற அம்மா, "நம்ம தறிப் போட்ட ரூம் அளவுதான் இருக்கு" என்றாள். சுவரில் சலவைக் கல்லில் மாகாண வாரியாகப் பெயர்கள். நான் தேடிய வரையில் ஒரு பெண் பெயரும் கண்ணில் படவில்லை. மாலையில் ஒலி ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரம் கதை சொல்கிறது. அந்தக் கதையிலும் ஆண்கள்தான்.

அருங்காட்சியகத்தில் விலங்குகள், செக்கு, கைதிகள் உடுத்திய முரட்டுத் துணி எல்லாம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் விலங்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா துணியின் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "இந்தத் துணியை யாரு நெஞ்சிருப்பாங்க?"

அந்தச் சிறையைப் பார்க்க வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்டிருக்க மாட்டேன். விடை மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, சதத்ரு சென், கிளேர் ஆண்டர்சன் போன்ற வரலாற்றாய்வாளர்களைப் படித்ததால். 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு இங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. செல்லுலார் சிறை எழுவதற்குப் பல வருடங்கள் முன்பே பெண் கைதிகளும் கடல் கடத்தி அனுப்பப்பட்டார்கள். பலர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்: பிறந்த குழந்தையைக் கொன்றாள், கணவனைக் கொன்றாள். அவர்களுக்கென்று சவுத் பாயிண்ட் என்ற இடத்தில் தனிச் சிறை இருந்தது. அங்கே அவர்கள் செய்த வேலைகளில் முக்கியமானது நெசவு. குடியேற்றத்துக் கைதிகளுக்கான துணியை அவர்கள்தான் நெய்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "பொம்பளைங்களா? தறியிலயா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அவள் கேட்டதில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. எங்கள் வீட்டில் நெசவாளர் என்றால் அப்பா. அடையாள அட்டை அப்பா பெயரில், சங்கத்து உறுப்பினர் எண் அப்பா பெயரில். அம்மா செய்தது 'கூடமாட ஒத்தாசை'. ராட்டையில் தார் சுற்றுவாள், இழை அறுந்தால் முடிவாள், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையில் நிற்பாள். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். நாற்பது வருடம் அந்த ஆள் என் அம்மா. அவள் இல்லாமல் ஒரு முகூர்த்தப் புடவையும் அந்த வீட்டிலிருந்து வெளியே போனதில்லை. அப்பா போன பிறகு ஓர் அலுவலகத்தில் உதவித்தொகை கேட்கப் போனபோது, "நீங்க நெசவாளரா?" என்று கேட்டார்கள். காட்ட ஒரு காகிதமும் இல்லை.

மூன்றாம் நாள் ராஸ் தீவு. 2018இலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. படகில் சில நிமிடம்தான். ஆங்கிலேயர் இங்கேயிருந்துதான் குடியேற்றத்தை ஆண்டார்கள். 1941இல் நிலநடுக்கம் வந்தது, மறு வருடம் ஜப்பானியர் வந்தார்கள். இப்போது தேவாலயத்தின் சுவரை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் துரைமார் வீட்டுக் குழந்தைகளின் கல்லறைகள். அந்த வீடுகளில் ஆயாக்களாக வேலை பார்த்தவர்களில் பெண் கைதிகளும் உண்டு. குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்த அந்தக் கைகளுக்குக் கல் நடவில்லை.

பெயர் மாற்றங்களைப் பற்றி ஒன்று. எதிரே தெரியும் மவுண்ட் ஹாரியட் மலைக்கு 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயரிட்டார்கள். 1891 போருக்குப் பின் இங்கே கடத்தப்பட்ட மணிப்பூர்க்காரர்களின் நினைவாக. நியாயமான காரணம். ஹாரியட் டைட்லர் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மனைவி, அவர் பெயர் போனதற்கு நான் அழப் போவதில்லை. ஆனால் எந்தப் பெயர் மாற்றத்திலும் சவுத் பாயிண்ட் பெண்கள் யார் நினைவுக்கும் வரவில்லை என்பதையும் பார்க்கிறேன்.

நான்காம் நாள் சாத்தம் மர அறுவை ஆலைக்குப் போனோம். 1883இல் தொடங்கியது, படாக் மர வாசனை மூக்கிலேயே நின்றது. பிறகு மானிடவியல் அருங்காட்சியகம். அங்கேதான் அம்மாவிடம் போவா சீனியரைப் பற்றிச் சொன்னேன். பெரிய அந்தமானியர் குழுவைச் சேர்ந்த மூதாட்டி. போ மொழியைப் பேசிய கடைசி மனிதர். 2010 ஜனவரியில் இறந்தார், அவரோடு அந்த மொழியும். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்துவைத்தார். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது நான் மொழியின் அழிவைப் பற்றிச் சொல்வேன். அம்மா கேட்டது வேறு: "அப்ப அந்த அம்மா கடைசியில யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்க?" வேறு மொழியில் மற்றவர்களோடு பேசியிருப்பார் என்றேன். "அது பேச்சா? கடைக்காரன்கிட்ட பேசற மாதிரிதானே" என்றாள்.

ஐந்தாம் நாள் நாங்கள் எங்கும் போகவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்தவர் அன்றைக்குப் பாராடாங் போட்டிருந்தார். சுண்ணாம்புக் குகைகள், சேற்று எரிமலை. போகிற சாலை ஜாரவாக்களின் காப்பு நிலத்துக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாப்பாடு கொடுக்கக் கூடாது. இத்தனை 'கூடாது'களும் அங்கே நடந்தவற்றிலிருந்து வந்தவை. உச்ச நீதிமன்றம் 2002இலேயே அந்தச் சாலையை மூடச் சொன்னது. 2012இல் வெளியான ஒரு காணொளியில் ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் குரல் கேட்டது. 2013இல் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளை நிறுத்தினார்கள், மறுபடி விட்டார்கள். எங்கள் ஓட்டுநர் முந்தின நாள் இரவு, "அதிர்ஷ்டம் இருந்தா வழியில அவங்களையும் பாக்கலாம்மா" என்றார்.

நான் தயங்கிக்கொண்டிருந்தேன். பணம் கட்டியாயிற்று, குகையைத்தானே பார்க்கப் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாதான், "அந்தப் பொம்பளைங்க துணி கட்டாம இருப்பாங்களா?" என்று கேட்டாள். இப்போது பலர் உடுத்துகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு தடவை கைடு ஒருத்தன் வெள்ளைக்காரங்களை நம்ம வீட்டுக்கு இட்டுக்கினு வந்தான். நீ அப்ப எட்டாவதோ என்னவோ. நான் தறியில உக்காந்திருக்கேன். முந்தானை விலகிக் கெடக்கு. சரி பண்ணலாம்னா ஒரு கையில நாடா, ஒரு கையில இழை. விட்டா கரை போயிடும். படம் எடுத்துக்கினே இருந்தாங்க. உங்கப்பா சிரிச்சிக்கினு நின்னாரு. நூறு ரூபா குடுத்துட்டுப் போனாங்க. அந்தப் படம் எங்க இருக்கோ."

எனக்கு இது தெரியாது. முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு வந்த விருந்தினர்களை நானே எத்தனையோ முறை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். "இதுதான் கோர்வை, பாருங்கள்" என்று என் அம்மாவின் கையைச் சுட்டி விளக்கியிருக்கிறேன். அவர்கள் படம் எடுத்தார்கள். நான் தள்ளி நின்று வழி விட்டேன். அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"நாம போக வேணாம்மா" என்றாள். ஓட்டுநரிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டு, "இல்லப்பா, எங்களுக்கு இஷ்டம் இல்ல" என்றாள். அன்று பூராவும் விடுதித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பேசினாள். தறிக் கதை, மாமியார் கதை, நான் பிறப்பதற்கு முன் செத்துப்போன என் அக்காவின் கதை.

ஆறாம் நாள் அம்மா கேட்டதால் சவுத் பாயிண்ட் போனோம். ஆட்டோக்காரர், "அங்க பாக்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். உண்மைதான். சாலை, வீடுகள், தென்னை, கடல். டிக்கெட் இல்லை, என் கண்ணில் பலகை எதுவும் படவில்லை. சாலையோரம் நின்று மிச்சக் கதையைச் சொன்னேன். தண்டனையில் சில வருடங்களைக் கழித்த ஆண் கைதிக்கு வெளியே நிலம் உழுது தானே பிழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். அவனுக்குக் கல்யாணம் வேண்டுமென்றால் பெண்கள் சிறைக்கு வருவான். பெண்கள் வரிசையாக நிறுத்தப்படுவார்கள். அவன் தேர்ந்தெடுக்கலாம். அவளுடைய சம்மதம் கேட்கப்பட்டது என்பது விதி. மறுத்தால் திரும்ப அதே சிறை, அதே தறி. கணவனின் கொடுமையால் கொலைகாரியானவளுக்கு அரசாங்கம் காட்டிய விடுதலை வழி இன்னொரு கணவன். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் வழிவந்தவர்கள்தான் இன்று இங்கே 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கப்படுகிறவர்கள். சாதி, மதம், மொழி எல்லாம் கலந்த சமூகம்.

அம்மா கேட்டாள்: "சிலது வேணாம்னு சொல்லிட்டுத் தறியிலயே உக்காந்திருக்கும்ல?"

இருந்திருப்பார்கள் என்றேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் வண்டூர் துறையிலிருந்து ஜாலி பாய் தீவு. பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, தண்ணீருக்கு வேறு பாத்திரம் கொண்டுபோக வேண்டும். அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளப்பாறைகளைப் பார்த்தோம். பல இடங்களில் வெளுத்துக் கிடந்தன. சில இடங்களில் நிறம் இருந்தது. ஊதா மீன் கூட்டம் ஒன்று கடந்தபோது அம்மா, "இந்தக் கலரு நம்ம ஆளுங்களுக்கு வரல" என்றாள். கரையில் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் கைபேசியை எடுத்தேன். பிறகு கேட்டேன், "எடுக்கட்டுமா?" தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "ம், எடு" என்றாள். அந்த ஒரு படம்தான் என்னிடம் இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "கோயிலெல்லாம் நல்லாப் பாத்தீங்களா?" முருகன் கோயிலுக்கு நாங்கள் போகவே இல்லை. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அம்மா காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"கோயிலுக்குப் போகல. சும்மா ஊர் சுத்தப் போனோம். அங்க தறி நெஞ்ச பொம்பளைங்களுக்கு ஒரு ஜெயிலு இருந்திச்சாம். அந்த இடத்தப் பாத்துட்டு வந்தோம்."