வீட்டுக்கு வந்த பேரேடு

கொடுக்கல் வாங்கல் என்று தோன்றிற்றோ அன்றே கணக்கெழுதுதலும் தோன்றிற்று. கணக்கு உண்டான இடத்தில் கணக்கனும், அக்கணக்கனைப் பற்றிய ஐயமும் உடன் பிறந்தன. ஒருவர் கையிலுள்ள ஏட்டை மற்றெல்லாரும் நம்பி வாழ்வதே இதுகாறும் உலகியல்பு. வங்கியில் நம் பெயருக்கெதிரே எழுதியுள்ள தொகை நாளையும் இருக்கும் என்று நாம் கவலையின்றி உறங்குவது அந்நம்பிக்கையினாலேயே. அப்பேரேட்டை ஒருவர் கையிலன்றி, விரும்புவோர் அனைவர் கையிலும் ஒருங்கே வைத்தல் கூடுமோ என்ற வினாவிற்கு விடையாக எழுந்தனவற்றுள் தலையாயது பிட்காயினின் பிளாக்செயின்.

2008-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ந் தேதி, சத்தோஷி நாகமோட்டோ என்னும் பெயரால் ஒன்பது பக்கமுள்ள கட்டுரையொன்று வெளியாயிற்று. 2009-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதியிட்டு முதல் பிளாக் அமைந்தது. பிளாக் என்பதை ஏடு எனக் கொள்வோம். அன்று தொட்டுச் சராசரி பத்து நிமிஷத்துக்கு ஓர் ஏடாகச் சேர்ந்து வருகின்றது. ஒவ்வோர் ஏட்டின் தலைப்பிலும் முன்னேட்டின் சுருக்கக் குறி பொறிக்கப்படும். முன்னேட்டில் ஓர் எழுத்து மாறினும் அக்குறி முற்றும் மாறிவிடும்; பின்வரும் ஏடுகள் யாவும் பொருந்தாதொழியும். எழுதியவர் இன்னாரென்பது இன்றளவும் தெளிவாகவில்லை. ஆயினும், அவரை நம்பவேண்டுவதில்லை, ஏடே தனக்குச் சான்று என்பர் அதன் அன்பர்.

இதனைப் பிறர் வாயிலாகக் கேட்டு அமைதியுற எமக்கு மனமில்லை. அந்நாணயத்தில் ஒரு துகளும் எம்மிடமில்லை. அதனை வாங்குக என்றோ விலக்குக என்றோ கூற யாம் முன்வரவுமில்லை. எவரையும் நம்பாமல் ஒரு கணக்கைத் தாமே சரிபார்த்தல் இயலுமா என்றறியவே பிட்காயின் கோர் என்னும் மென்பொருளை எம் கணினியில் நிறுவத் துணிந்தோம்.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. இறக்கிய மென்பொருள் மெய்யானதா, இடையில் எவரேனும் மாற்றியதா என்று அறிவது எங்ஙனம்? அதற்கென அறுபத்துநான்கு எழுத்துள்ள குறியொன்று உடன் வெளியிடப்படுகிறது. எம் கோப்பிலிருந்து அக்குறியைக் கணக்கிட்டு இரண்டையும் எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டோம். அக்குறிப் பட்டியலும் பொய்யாயிருக்கலாமே எனின், பலர் அதே மூலநிரலைத் தனித்தனியே தொகுத்து, ஒரே கோப்பு கிடைத்ததென்று கையொப்பமிட்டிருக்கின்றனர். அவர்களை யாம் கண்டதில்லை. எனினும் ஒருவர் பொய்யுரைத்தல் எளிது. பலர் கூடி ஒரே பொய்யை உரைத்துப் பிடிபடாதிருத்தல் அரிது. எனவே நம்பிக்கை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒரு தலையிலிருந்த பாரம் பல தலைகளுக்குப் பகிரப்பட்டது என்பதே உண்மை.

அடுத்தது பேரேட்டை வருவித்தல். அது இப்பொழுது 600 ஜி.பி.யைக் கடந்துவிட்டமையால் அதற்கென்றே 1 டி.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். இடமில்லாதார், ஏடுகளைச் சோதித்தபின் பழையனவற்றைக் கழித்துவிடும் முறையும் உண்டு. தொன்மையான ஏடுகளிற் கையொப்பச் சோதனையை மென்பொருள் இயல்பாக விடுத்துச் செல்லும். எம் நோக்கம் சோதனையே யாதலின், அதனையும் விடாது செய்யுமாறு பணித்தோம். முதலாண்டுகளின் ஏடுகள் ஏறக்குறைய வெறுமையானவை; நீரோட்டம்போல் விரைந்து கடந்தன. பிற்காலத்து ஏடுகளோ மேட்டில் ஏறும் பாரவண்டிபோல் நகர்ந்தன. பல நாள் இரவும் பகலும் கணினி ஓய்ந்திலது. அதனைக் கண்ட நண்பரொருவர், ‘இதனால் வரும் ஊதியம் யாது?’ என வினவினார். ஏடு படைப்போருக்கே நாணயம் கிடைக்கும். சரிபார்ப்போருக்கு ஒன்றுமில்லை என்றோம். அவர் நகைத்தார். ஊர்ப் பொதுக்கணக்கைப் படித்துப் பார்ப்பவனுக்குக் கூலி ஏது?

நிறுவுதலினும் புதுப்பித்தலே ஆழ்ந்த சிந்தனைக்குரியது. நம் கைப்பேசிச் செயலிகள் பலவும் நாம் உறங்கும்போது தாமே புதியனவாகின்றன. இம்மென்பொருள் அங்ஙனம் செய்வதில்லை. புதிய பதிப்பின் குறிப்பைப் படித்து, குறியையும் கையொப்பங்களையும் மீளச் சோதித்து, வாலட் உடையோர் அதற்குப் படியெடுத்து வைத்து, ஓடும் மென்பொருளை முற்றும் நிறுத்தி, அது தன் பதிவுகளை எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பின்னரே நிறுவல் வேண்டும். இவ்விதிகளால் ஆளப்படுவோர் அவற்றைத் தாமே ஏற்கவேண்டுமென்பது இதன் கருத்து.

புதுப்பியாதிருத்தல் பாதுகாப்பாகுமோ எனின், ஆகாது. இந்நாணயம் மொத்தத்தில் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேற்படலாகாதென்பது விதி. 2010-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, எண்களைக் கூட்டுவதிலிருந்த பிழையொன்றால், 74,638-ம் ஏட்டில் 18,400 கோடிக்கு மேற்பட்ட நாணயங்கள் வெறுமையிலிருந்து தோன்றின. சில மணி நேரத்துக்குள் திருத்தம் வந்தது. அதனை நிறுவியோர் பொய்யேட்டை ஒதுக்கி வேறு வழியே சங்கிலியைத் தொடர்ந்தனர். 2018-ம் ஆண்டு செப்டம்பரிலும் பொய்நாணயத்துக்கு இடந்தரும் பிழையொன்று கண்டறியப்பட்டு, தீமை நிகழுமுன் 0.16.3 பதிப்பால் நீங்கிற்று.

அங்ஙனமாயின் புதியது வந்தவுடன் ஏற்றல் நன்றோ? 2013-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அதற்கும் மறுமொழி தந்தது. 0.8 பதிப்பு தன் உள்ளிருந்த தரவுக்கிடங்கை மாற்றிக்கொண்டது. பழைய கிடங்கிலோ எங்கும் விதியாக எழுதப்படாத ஓர் எல்லை மறைந்திருந்தது. பேரேடொன்று வரவே, புதிய பதிப்பு அதனை ஏற்றது, பழையன மறுத்தன. ஒரே பேரேடு இரண்டாகப் பிளந்தது. பெரிய மைனிங் குழுக்கள் சில புதியதைக் கைவிட்டுப் பழைய பதிப்புக்கே திரும்பின. சில மணியிற் சங்கிலி ஒன்றாயிற்று. பிழையில்லாப் புதுமையும், அயலார் ஏலாதவிடத்துப் பிளவாய் முடியும் என்பது அன்று வெளிப்பட்டது.

இவற்றால் யாம் தெளிந்தது இது. ‘எவரையும் நம்பாதே’ என்னும் மொழி மிகைப்பாடானது. நிரலெழுதுவோரையும், கையொப்பமிடுவோரையும், திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்கும் முன்பின் அறியாத அயலாரையும் நாம் சார்ந்தே நிற்கின்றோம். ஆயினும் சோதிக்கும் உரிமையுள்ள நம்பிக்கை வேறு; சோதிக்க வழியற்ற நம்பிக்கை வேறு. முன்னதில் ஏமாற்றுவோன் அஞ்சுவான். பின்னதில் ஏமாந்தோன் அறிவதுமில்லை.

மாணவ நண்பர்களே, இந்நாணயம் நிலைக்குமோ நிலையாதோ, காலம் உரைக்கும். நீங்கள் நாளை பொருட்கணக்கோ, ஆராய்ச்சி முடிவோ, ஊராட்சிக் குறிப்போ எதனை ஏற்க நேரினும், அதன் மூலத்தைக் காட்டுமாறு கேட்கும் துணிவையும், காட்டியபின் அமர்ந்து சரிபார்க்கும் பொறுமையையும் ஒருங்கே பழகுங்கள். துணிவு மட்டும் உடையோர் பலர். பொறுமையும் உடையோர் சிலரே. அச்சிலரால்தான் பலர் கணக்கும் காக்கப்படுகின்றது.