ஆத்துல போட்டாலும்...

‘‘மாமா, நீங்க பி.காம். தானே?’’

கல்யாணமான இத்தனை வருஷத்தில், என் படிப்பைப் பற்றி மச்சினன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பத்திரிகைக்காரன் என்பதால் செஞ்சியில் மாமனார் வீட்டுக்குப் போனால் ‘அடுத்த எலெக்‌ஷன்ல யாரு வருவாங்க?’ என்றுதான் கேட்பார்கள். பி.காம். யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. எனக்கே இருந்ததில்லை.

அது 2024 ஆடி அமாவாசை. மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்து, கூட்டத்தில் நசுங்கி, விடியற்காலையில் செஞ்சி திரும்பியிருந்தோம். மத்தியானம் தூங்கி எழுந்தால், தலைமாட்டில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறான் மச்சினன்.

திண்டிவனம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கேட், கிரில், பீரோ. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பெஞ்சு, டெஸ்க்கும் செய்கிறான். ஓர் அரசு அலுவலகத்துக்கு டெண்டர் போட்டு, ஆர்டர் வாங்கி, ஜனவரி 19-ம் தேதி சரக்கை இறக்கிவிட்டான். பில் 4 லட்சம் ரூபாய். ஆகஸ்ட் வந்தாச்சு, பணம் வரவில்லை. கேட்கப் போனால், ‘ஃபண்டு வரலை’, ‘சார் லீவு’, ‘அடுத்த வாரம் வாங்க’.

இரும்பு பைப் வாங்க ஃபைனான்ஸில் 3 லட்சம் கடன் எடுத்திருந்தான். நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி. மாசம் 6,000. அது மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

திண்ணையில் இருந்த மாமனார் திரும்பாமலே சொன்னார்... ‘‘சர்க்காருக்கு விக்கிறதும் ஆத்துல போடுறதும் ஒண்ணு. சொன்னா கேட்டாத்தானே!’’

அவர் கோபத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மரப்பட்டறை வைத்திருந்த காலத்தில் ஓர் அலுவலகத்துக்கு 40 ஸ்டூல் செய்து கொடுத்தார். வாங்கிய அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், ‘‘ஸ்டூல் இறக்கினதுக்கு ரசீது எங்கே பெரியவரே?’’ என்று கேட்டார். கேட்கும்போது அவர் கால் நீட்டி வைத்திருந்தது மாமனார் செய்த ஸ்டூலின் மேல்! ரசீது இல்லை. பணமும் வரவில்லை. அதன்பிறகு அரசாங்கத்துக்கு ஓர் ஆணி கூட விற்றதில்லை மனுஷன்.

நான் ஃபைலைப் பிரித்தேன். டெண்டர் டாகுமென்ட் மட்டும் அறுபத்துச் சொச்சம் பக்கம்.

‘‘இதை நீ படிச்சியா மச்சான்?’’

‘‘பிரௌசிங் சென்டர்காரர்தான் மாமா எல்லாம் ஏத்தினாரு. 3,000 ரூபா வாங்கிக்கிட்டாரு.’’

‘‘அவராவது படிச்சாரா?’’

சிரித்தான். இதற்கு முந்தைய டெண்டரில் அந்த ‘ஏற்றும்’ மகானுபாவர், விலைப் பட்டியலைத் தொழில்நுட்ப கவருக்குள் சேர்த்து அனுப்பிவிட்டார். இரண்டு கவர் முறையில், முதல் கவரில் தகுதியை மட்டும் பார்ப்பார்கள். தேறியவர்களுக்குத்தான் இரண்டாவது கவரான விலையைத் திறப்பார்கள். முதல் கவரிலேயே விலை தெரிந்தால் டெண்டர் தள்ளுபடி. இவனோ, ‘உள்ளே ஆள் இல்ல மாமா, அதான் தள்ளிட்டாங்க’ என்றே ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஆள் வைத்து ஜெயிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கான வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்தும், அந்த வித்தை ஒழிந்துவிடவில்லை. ஆனால், நம்மில் பல பேர் தோற்பது ஆள் இல்லாமல் அல்ல. அறுபது பக்கத்தைப் படிக்காமல்!

கல்லூரியில் மெர்க்கன்டைல் லா பேப்பரில் கரையேறியவன்தான் நானும். ஆனாலும் வணிகப் பக்கத்துக்கு எழுதிய புண்ணியத்தில் ஒரு சட்டம் தெரியும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. பதிவு செய்த சின்ன உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லையென்றால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! வாங்கியவர் அரசாங்கமாக இருந்தாலும் இதே கதிதான். தராவிட்டால், இதற்கென்றே இருக்கும் வசதியாக்கல் கவுன்சிலில் முறையிடலாம். 2017-லிருந்து இணையத்திலேயே, வீட்டிலிருந்தபடியே.

மச்சினன் வாயைப் பிளந்தான். ‘‘வட்டி நமக்கா? சர்க்காரா?’’

‘‘உத்யம் பதிவு இருக்கா?’’

‘‘இருக்கு.’’

‘‘ஜனவரி 19 சரக்கு இறக்கினதுக்கு அத்தாட்சி?’’

ஃபைலின் கடைசியிலிருந்து ஒரு டெலிவரி சலானை உருவினான். ஸ்டோர் கீப்பர் கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். அத்தனையும் பளிச்சென்று.

‘‘பரவாயில்லையே! யாரு சொல்லிக் கொடுத்தா?’’

மச்சினன் திண்ணைப் பக்கம் கண்ணைக் காட்டினான். ‘‘அப்பாதான். ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு. கையெழுத்து வாங்காம வண்டியைத் திருப்பாதே’ன்னாரு.’’

மாமனார் அப்போதும் திரும்பவில்லை.

இனி கடிதம் எழுத வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். மச்சினன் மெதுவாகக் கேட்டான்... ‘‘வட்டி கேட்டா, அடுத்த ஆர்டர் தருவாங்களா மாமா?’’

பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் அவன் பக்கம். ஆனால், அடுத்த டெண்டரைத் திறக்கப் போகிறவர் அதே மேஜைக்காரர். பட்டறையில் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். சென்னையில் மாசச் சம்பளம் வாங்கும் நான், ‘உரிமையை விடாதே’ என்று வசனம் பேசுவது சுலபம்.

கடைசியில் ஒரு பணிவான கடிதம் எழுதினோம். ஆர்டர் எண், சலான் நகல், 45 நாள் கெடு மார்ச் 4-ம் தேதி முடிந்த விவரம், சட்டத்தின் பெயர் ஒரே ஒரு வரியில். வட்டி என்ற வார்த்தை கிடையாது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போனது.

செப்டம்பர் முதல் வாரம் போன். ‘‘மாமா, அக்கவுன்ட்ல ஏறிடுச்சு!’’ அசல் மட்டும். வட்டி இல்லை.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது பேங்க் ரேட் 6.75 சதவிகிதம். மூன்று மடங்கு 20.25. ஆறு மாசத் தாமதத்துக்கு 42,000 ரூபாய்க்கு மேல் வரும். அவன் ஃபைனான்ஸுக்கு அழுதது, எட்டு மாசத்துக்கு 48,000. அவனுக்கு வரவேண்டிய வட்டியை அவன் கேட்கவில்லை. அவன் கொடுக்க வேண்டிய வட்டியை யாரும் விடவில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதம் சரிதானா? இன்னும் எனக்குத் தெளிவில்லை.

மறுபடி செஞ்சிக்குப் போனது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். நெல் கொட்டி வைத்த களஞ்சியத்தின் முன்னால் நின்றபோது வேறொன்று தோன்றியது. 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே ராஜாராம். கஜானா காலி. காசுக்குப் பதிலாக மானியப் பத்திரங்களை எழுதி எழுதிக் கொடுத்தார் என்கிறது சரித்திரம். கோட்டைக்கு நெல் விற்ற வியாபாரி யாராவது அந்தப் பக்கம் காத்துக் கிடந்திருப்பானோ? ‘ஃபண்டு வரலை’ ரொம்பப் பழைய வசனம்தான் போலிருக்கிறது.

பட்டறையில் ஒரு மாற்றம். கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் மச்சினன் மனைவி. பிளஸ் டூ படித்த பெண். ‘‘அண்ணே, ஜெம்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். நாங்களே பண்ணோம், காசே ஆகலை!’’ என்றது. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய இணையச் சந்தை அது. சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சான்று வந்த பத்து நாளில் பணம் தரவேண்டும் என்பது அதன் விதி.

‘‘மத்திய அரசு டெண்டர்னா சின்ன கம்பெனிங்கிட்ட 25 சதவிகிதம் வாங்கணுமாம். குறைஞ்ச விலை சொன்னது பெரிய கம்பெனியா இருந்து, நம்ம விலை அதைவிட 15 சதவிகிதத்துக்குள்ள கூட இருந்தா, அந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டர் வாங்கலாமாம். தெரியுமாண்ணே?’’

‘‘எங்கேம்மா படிச்சே?’’

‘‘டெண்டர்லயேதான் போட்டிருக்காங்க. நாப்பத்தோராம் பக்கம்.’’

மாமனார் புது பெஞ்சு ஒன்றின் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கையில் டெலிவரி சலான் புத்தகம். மறுநாள் போகும் லோடுக்கு, கையெழுத்து போடவேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.