மூவாயிரம் பவுன்

ஜூன் 10, 2025, கார்டிஃப்
பில்லி பாஸ்டனுக்கு சர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். வயது 90. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு இது கிடைப்பது இதுவே முதல் தடவை. ஆபீஸில் வேல்ஸ்காரர்கள் காலையிலிருந்து இதே பேச்சு.

ஜூன் 11
வேலை முடிந்ததும் துறைமுகப் பக்கம் போய்ச் சிலையைப் பார்த்தேன். பாஸ்டன், கிளைவ் சலிவன், கஸ் ரிஸ்மன். மூவரும் லீக் ஆட்டக்காரர்கள், இந்த ஊர்ப் பிள்ளைகள். பேர் வாங்கியதெல்லாம் வடக்கு இங்கிலாந்தில். பீடத்தில் உட்கார்ந்து ஒரு பையன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். சிலை வைத்ததே 2023இல்தான்!

ஜூன் 13
பாஸ்டனின் அப்பா சியரா லியோன்காரர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். பையனுக்கு ஆசையெல்லாம் 15 பேர் ஆடும் யூனியன் ரக்பிதான். கார்டிஃப் கிளப்புக்கும் வேல்ஸுக்கும் ஆட வேண்டும். கிளப் கூப்பிடவில்லை. நிறம்தான் காரணம் என்று இங்கே வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 1953 மார்ச்சில், 13 பேர் ஆடும் லீக் ரக்பிக்கு இழுக்க விகன் கிளப்காரர்கள் வீடு தேடி வந்து மேஜைமேல் 1,500 பவுனைப் பரப்பினார்கள். பையனை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. 3,000 கொடுத்தால் கையெழுத்துப் போடுவான் என்றாராம், ஆளை விட்டால் போதும் என்று. அவர்கள் சரி என்றுவிட்டார்கள். கேட்ட வாயால் மறுக்க முடியுமா?

ஜூன் 14
அந்தக் கையெழுத்தோடு யூனியன் கதவு மூடியாயிற்று. 1895இல், வேலையை விட்டு ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற சண்டையில் பிரிந்த ஆட்டங்கள் இவை. லீக்கில் காசு வாங்கியவன் யூனியன் பக்கம் தலைகாட்டக் கூடாது, ஆயுசுக்கும். 1995இல் யூனியனும் சம்பள ஆட்டமானபோதுதான் அந்தத் தடை ஒழிந்தது. 1989இல் லீக்குக்குப் போன ஜோனதன் டேவிஸ் 1995லேயே கார்டிஃப் கிளப்புக்குத் திரும்பினார். ஜேசன் ராபின்சன் 2000இல் விகனிலிருந்து யூனியனுக்கு வந்து, 2003 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்காக ட்ரையே (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டார். பாஸ்டன் ஆடிய காலம் அப்படியில்லை.

ஜூன் 15
பாஸ்டன் விகனுக்காகப் போட்டது 478 ட்ரை. முதல் அணியில் ஆறே ஆட்டம் ஆடியிருந்தபோதே, 1954 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு பிரிட்டன் அணியில் எடுத்துக்கொண்டார்கள். 36 ட்ரை போட்டுவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்டவரை, 1957 உலகக் கோப்பை முடிந்து அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டம் ஆடப் போனபோது, நிறவெறிச் சட்டத்துக்குப் பயந்து தனியாக ஊருக்கு அனுப்பினார்கள். பட்டம் தாமதமானதைப் பற்றியே எல்லாரும் புலம்புகிறார்கள். எனக்கு அந்த 1957தான் உறுத்துகிறது. லீக்காவது அவரை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம்.